அறியேன் என்று சொல்லும் யந்திரம்

மோட்டார் வண்டியின் உள்ளுறுப்புக்களைப் பற்றிக் கலாசாலைச் சஞ்சிகையில் எழுதுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், தாம்பரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மில் வண்டியேறாதார் எவர்? பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகை விதிகள் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த பின்னர், புதிய இருசக்கர வண்டிகளிற் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டு, ஈ.ஸி.யு. என்னும் சிறு மின்கருவியின் ஆட்சிக்கு உட்பட்டன. கார்களோ அதற்கு நெடுநாள் முன்னரே உட்பட்டவை. அக்கருவிக்குப் பொய்த்தகவல் கிடைக்குங்கால் அது என் செய்தல் வேண்டும் என்பது நம் அனைவர்க்கும் உரிய வினாவேயாகும்.

இவ்வினா எனக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலிருந்த என் சிறிய தந்தையாரின் கார் நீரில் மூழ்கிற்று. அதன் ஈ.ஸி.யு. பழுதாகவே, வெளிச்சந்தையில் விற்கும் வேறொரு கருவியை ஒரு பட்டறையில் குறைந்த விலைக்குப் பொருத்தினர். ஈராண்டு செவ்வனே ஓடியது. பின்னர் ஒரு கத்திரி வெயிற் பகலில், வண்டலூரை அடுத்து, ஜி.எஸ்.டி. ரோட்டின் நெரிசலில் இஞ்சின் கரும்புகை கக்கியது. பெட்ரோல் நாற்றம் வீசியது. உஷ்ணங்காட்டும் முள்ளோ குளிர்ச்சியின் பக்கமே சாய்ந்து கிடந்தது. பெட்ரோலின் குற்றம் போலும் என்றெண்ணி ஊர்ந்து சென்றோம். சிறிது நேரத்தில் முன்மூடியினின்றும் நீராவி எழுந்தது. சிலிண்டர் தலை கோணி, பட்டறையில் மிச்சப்படுத்திய பணத்தைப்போல் பன்மடங்கு செலவாயிற்று. சோதித்தபோது தெரிந்தது இவ்வளவே: குளிர்நீரின் உஷ்ணத்தை அறிவிக்கும் சென்ஸருக்குச் செல்லும் ஒரு மெல்லிய கம்பி அறுந்திருந்தது.

கம்பி அறுந்தால் நீர் கொதிப்பானேன்? அச்சென்ஸரினுள் இருப்பது, உஷ்ணம் ஏற ஏற மின்தடை குறையும் இயல்புடைய பொருள். ஒருவகைச் சென்ஸரில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம் இருக்கும் தடை, 100 டிகிரியில் 200 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். கம்பி அறுந்தாலோ தடை எல்லையற்றதாகிறது. அதனைக் கருவி கடுங்குளிர் என்று, பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரி என்று, பொருள் செய்கிறது. குளிர்ந்த இஞ்சினுக்கென மிகுதியான பெட்ரோலை ஊற்றுகிறது. குளிர்ந்ததற்கு விசிறி எதற்கென்று ரேடியேட்டர் விசிறியைச் சுழற்றாது விடுகிறது. இரு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இதற்கு நேர்மாறாக, இஞ்சின் கொதிப்பதாக எண்ணி, காலையிற் கிளப்பும்போது வேண்டிய பெட்ரோலையும் மறுக்கிறது.

மார்கழி விடியலிலும் 10 டிகிரிக்குக் கீழ் இறங்காத ஊர் நம் ஊர். இங்கு பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரி என்று ஒரு சென்ஸர் கூறுமாயின், அது செய்தியன்று. சென்ஸரின் மரண ஓலை. தொழிற்சாலையார் பொருத்தும் கருவிகள் இதனை உணர்ந்து, பி 0117, பி 0118 என்னும் குறிகளால் பழுதைப் பதிந்து, எச்சரிக்கை விளக்கையும் ஏற்றுகின்றன. வெளிச்சந்தைக் கருவிகளிலோ இவ்வொழுங்கு பலவிடத்தும் பொருத்துவோன் கையில் விடப்பட்டிருக்கிறது. அவன் எல்லைகளைக் குறிக்க மறந்தால், கருவி பொய்யை மெய்யென நம்பும்.

ஆகவே என் கருத்து இது. சென்ஸர் இறந்தபின் கருவி எந்த உஷ்ணத்தைக் கொள்வது என்னும் வினாவிற்கு ஒரே விடை போதாது. பெட்ரோலை அளக்கும் காரியத்தில், சிறிது நேரம் ஓடிய இஞ்சின் 80 டிகிரி போன்ற வழக்கமான சூட்டில் இருப்பதாகக் கொள்க; விசிறியின் காரியத்தில், இஞ்சின் கொதிப்பதாகவே கொண்டு ஓயாது சுழற்றுக. ஒவ்வொரு காரியத்திலும் எந்தப் பிழை குறைந்த தீங்கு செய்யுமோ அதனையே தேர்தல் வேண்டும். அதனோடு இஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துக, விளக்கையும் ஏற்றுக.

இக்கொள்கை நமக்குப் புதியதன்று. மின்சார ரயில் 1931-ஆம் ஆண்டிலேயே எட்டிய தாம்பரத்தில், கைகாட்டியைக் கண்ட முதியோர் பலர் உளர். அதனை இழுக்கும் கம்பி அறுந்தால், கை தானே அபாய நிலைக்குத் திரும்பும்படி எடை அமைத்திருந்தனர். அறியாமை நேருங்கால் ஆபத்தென்றே கொள் என்பது அதன் பாடம். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. ரயிலை நிறுத்துவது காப்பாகலாம். லாரிகள் விரையும் சாலை நடுவே இஞ்சினை அணைப்பது காப்பாகாது. வண்டி ஓரம் சேரும்வரை மெல்ல ஓடவிடுதலே அறிவு.

விளக்கு எரிந்தால் வாடிக்கைக்காரர் முணுமுணுப்பர் என்று அதனை அடக்கிவிடுவோர் உண்டு. காற்றின் உஷ்ணத்தை அறிவிக்கும் சென்ஸரை நீக்கி, அவ்விடத்தில் ஒரு சிறு மின்தடையைச் செருகி, குளிர்காற்று என்று கருவியை ஏய்த்துச் சக்தி பெறலாம் எனக் கூறி விற்போரும் உண்டு. முன்னது உண்மையை மறைத்தல். பின்னது பொய்யை விலைக்கு வாங்குதல். ஒற்றைச் சென்ஸரின் பொய்யை நம்பும்படி அமைந்த யந்திரம் எவ்வளவு கொடியது என்பதை 2018-ஆம் ஆண்டு அக்டோபரிலும் 2019-ஆம் ஆண்டு மார்ச்சிலும் வீழ்ந்த இரு போயிங் 737 மாக்ஸ் விமானங்களில் மாண்ட 346 பேரின் கதை உலகிற்கு உணர்த்திற்று.

இத்தகைய கருவியைப் பொருத்தியவர், பட்டறையை விட்டுப் புறப்படுமுன், ஒரு சோதனை செய்யும்படி வேண்டுவாராக. வண்டியை நிறுத்திவைத்து, குளிர்நீர்ச் சென்ஸரின் செருகியைக் கழற்றி, இஞ்சினை ஓடவிடச் சொல்க. விசிறி சுழன்று விளக்கும் எரியுமாயின் பணத்தைக் கொடுக்கலாம். இன்றேல், எத்துணை சக்தி கூட்டித் தந்தாலும், அவ்வேலை முற்றுப்பெறவில்லை. இச்சோதனைக்கு ஐந்து நிமிஷங்கூட ஆகாது. அதனைக் கேட்க அறியாத நாங்கள் வண்டலூர்ச் சாலையோரத்தில் ஒரு பகல் முழுதும் நின்றோம்.