மாதிரி விலைப்புள்ளியும் மாறிய வரியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் பெரியோர். ஏடு பிழையானால் உதவாமற் போவதோடு நில்லாது, நட்டமும் விளைவிக்கும்.

நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடித் திட்டமொன்றுக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-இல் ஒப்புதல் அளித்தது. கடன் சங்கமாயினும் நெசவாளர் சங்கமாயினும், பேரேட்டின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டு வருகிறது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், அவ்வேட்டின் அமைப்பு எத்தகையது என்று அங்கத்தினர் கேட்டறிய வேண்டும்.

கதிர்காமம் பக்கம் ஆய்வுக்குச் சென்றபோது நாம் கண்டதைச் சொல்கிறோம். ஓர் அங்கத்தினர் டிராக்டர் டயருக்கும் டியூபுக்கும் விலைப்புள்ளி கேட்டிருந்தார். கணக்கர் பழைய மாதிரியைப் பிரதி எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். அதில் சரக்கு சேவை வரி 18 சதவிகிதம் என்றே நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. ரூ.10,000 அடக்க விலையுள்ள சரக்கிற்கு ரூ.10,500 கேட்பதற்குப் பதிலாக ரூ.11,800 கேட்பதாகும் இது. செயற்கை இழை நூலுக்கும் அதே நாளில் வரி 12-இலிருந்து 5 சதவிகிதமாயிற்று. ஆகவே நெசவாளரும் இதனைப் பிறர் கதையென்று தள்ளிவிட இயலாது.

கணக்கரிடம் வஞ்சனை ஏதுமில்லை. மாதிரி வேண்டாமென்றும் நாம் சொல்லவில்லை. ஒரு தறிக்கு அச்சு, விழுது, நாடா என்று பல உறுப்புகளைக் குறிக்கையில் மாதிரி இல்லையேல் ஏதேனும் ஒன்று விடுபடும். குறை எங்கே என்றால், உறுப்புகளின் பட்டியலோடு விலையையும் வரியையும் மாதிரியிலேயே எழுதி வைத்ததில்தான் இருக்கிறது.

சிலர் இதற்கு மாற்றாக, விலைப்புள்ளிகளை எல்லாம் விலைப்பதிவேட்டோடு பிணைத்துவிடுகின்றனர். அது முன்னதினும் தீது. பதிவேட்டில் விலை மாறிய அன்றே, சென்ற ஆண்டு கையொப்பமிட்டுக் கொடுத்த விலைப்புள்ளியும் தானே மாறிவிடும். அங்கத்தினர் கையிலுள்ள தாளுக்கும் சங்கத்தின் ஏட்டுக்கும் முரண் தோன்றினால், ஆய்வாளர் எதனை நம்புவது?

முறை எளிது. மாதிரியில் உறுப்பின் குறியீடும் அளவும் மட்டும் இருக்கட்டும். பிரதி எடுக்கும் நாளில் விலையும் வரியும் பதிவேட்டிலிருந்து வந்து பதியட்டும். கொடுத்த பின் அவை மாறாதிருக்கட்டும். விலை மாறினால் பழையதைத் திருத்தாமல் புதிய விலைப்புள்ளி கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கணினியில் விலைப்புள்ளியின் தலைப்பு ஓர் ஏட்டிலும் அதன் உறுப்புகள் மற்றோர் ஏட்டிலும் இருக்கும். இரண்டையும் இணைப்பது விலைப்புள்ளி எண். முதலில் தலைப்பைப் பிரதி எடுத்துப் புதிய எண் பெற வேண்டும். பின்னர் ஒவ்வோர் உறுப்பிலும் அவ்வெண் ஏற வேண்டும். தலைப்பை மட்டும் எடுத்தால் விலைப்புள்ளி வெறுமையாகும்; பழைய எண்ணோடு உறுப்புகளை எடுத்தால் அவை மாதிரியிலேயே போய்க் குவிந்து, அடுத்த பிரதியில் ஒவ்வொன்றும் இருமுறை வரும்.

நிர்வாகக் குழுவினர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மாதிரியைப் பிரதி எடுக்கச் சொல்லி, புதியதில் உறுப்புகள் குறைவின்றி வந்தனவா, மாதிரி பெருகாமல் நின்றதா என்று எண்ணுக. பிறகு சோதனைப் பதிவேட்டில் ஒரு விலையை மாற்றி, பழைய விலைப்புள்ளி அசையாமல் நிற்கிறதா என்று காண்க. அரை நாள் வேலைதான். மென்பொருளுக்குப் பணம் கொடுக்குமுன் இதனைச் செய்வது நலம். கொடுத்துவிட்டோமாயின் அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னராவது செய்து முடிப்போமாக. அந்த ரூ.1,300 அங்கத்தினரின் வியர்வைப் பணம் என்பதை மறவாதிருப்போம்.