வெட்ட அனுமதி உண்டு, உலர்த்த ஆணை இல்லை

விவசாய நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை ஒன்றிய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம் 2025 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பியது. அன்றிலிருந்து இதழின் நிலைப்பாடு என்ன என்று கேட்டு வாசகர்கள் விடவில்லை. மரவாடிக்காரர்களுக்கு மகிழ்ச்சி. ஓய்வுபெற்ற வனத்துறை நண்பர்கள் சிலருக்கு முகச்சுளிப்பு. முழுத்தடி வீட்டுக் கிட் செய்து விற்கும் பட்டறைகள், இனி சில்வர் ஓக் தட்டுப்பாடே இருக்காது என்று வாடிக்கையாளர்களிடம் இப்போதே பேசத் தொடங்கிவிட்டன. எங்கள் நிலைப்பாட்டைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். விதிகளை வரவேற்கிறோம். ஆனால் தடி வீடு கட்டுகிறவனுக்கு அவை பாதி வழிதான் காட்டுகின்றன. மீதி வழிக்கு யாரும் பொறுப்பேற்பதாகத் தெரியவில்லை.

வரவேற்கக் காரணம் எளிது. தன் நிலத்தில் தானே நட்ட மரத்தை வெட்ட விவசாயி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது நம் தொழிலின் பழைய நோய். தேசிய மர மேலாண்மை இணையதளத்தில் தோட்டத்தைப் பதிந்துவிட்டால், பத்து மரம் வரை படம் ஏற்றினாலே போதும். அதற்கு மேல் போனால் சரிபார்ப்பு முகமை வந்து பார்க்கும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தால் நல்லதுதான். 1993-இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்துக்குப் போட்ட தடையை 2020-இல்தான் நீக்கியது. தேவைப் பக்கத்துக் கதவு அப்போது திறந்தது. வரத்துப் பக்கத்துக் கதவு இப்போது திறக்கிறது.

மலை மாவட்ட வாசகர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மாதிரி விதி என்பது மாதிரிதான். மாநிலம் ஏற்று அரசாணை போட்டால்தான் அதற்கு உயிர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் அப்படியே நிற்கிறது. தேயிலைக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக்கை வெட்ட அச்சட்டத்தின் கீழ் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். செய்தித்தாளைப் படித்துவிட்டு யாரும் ரம்பத்தை எடுக்க வேண்டாம்.

இனி எங்கள் குறைக்கு வருகிறோம். இந்த இதழை நெடுநாள் படிப்பவர்களுக்கு அது எதுவென்று தெரியும். சலித்தும் இருக்கும். இருந்தாலும் சொல்கிறோம்.

மரம் நின்ற இடத்தின் எல்லை, இனம், எண்ணிக்கை, நட்ட மாதம், நட்ட ஆண்டு என்று எல்லாவற்றையும் பதியச் சொல்கிறார்கள். வெட்டிய மரத்தின் ஈரப்பதத்தைப் பதிய ஓர் இடம் இல்லை. வெட்டும் விதியில் போய் ஈரத்தைத் தேடலாமா என்று கேட்பீர்கள். வேறு எந்த விதியில் தேடுவது? வெட்டும் விதியில் இல்லை, போக்குவரத்து அனுமதிச் சீட்டில் இல்லை, அறுவை மில் பில்லில் இல்லை, கட்டட வரைபட ஒப்புதலில் இல்லை, வங்கிப் பொறியாளர் தரும் மதிப்பீட்டிலும் இல்லை. தோட்டத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை ஒரு தடி இத்தனை காகிதங்களைக் கடந்து வருகிறது. அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒரு காகிதமும் கேட்பதில்லை.

நிலைக்கும் சன்னலுக்கும் இது பெரிய கேடில்லை. சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், இழைப்புளி போட்டால் தீர்ந்தது. படுக்கை வாட்டில் தடி அடுக்கிய சுவர் அப்படியல்ல. மரம் நீளவாட்டில் சுருங்காது, குறுக்கே சுருங்கும் என்பதைப் பட்டறைப் பையனும் அறிவான். தடிச்சுவரின் உயரம் முழுக்க முழுக்க அந்தக் குறுக்குவாட்டால் ஆனது. பச்சைத் தடி என்றால் அடிக்கு முக்கால் அங்குலம் இறக்கம் விடுவது வட அமெரிக்கத் தடிவீட்டுக்காரர்களின் வழக்கம். 9 அடிச் சுவருக்கு அது ஆறே முக்கால் அங்குலம். நிலைக்கு மேலே அந்த இடைவெளி வேண்டும், தூணுக்கு அடியில் ஸ்க்ரூ ஜாக் வேண்டும், மாடிப்படி ஒரு முனையில் நகரும்படி இருக்க வேண்டும்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. ஈரம் 28, 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் வரை மரம் சுருங்கவே தொடங்காது. எனவே பச்சைத் தடியில் கட்டிய வீடு முதல் சில மாதங்கள் பரம சாதுவாக நிற்கும். கிரகப்பிரவேசம் நடக்கும், படம் எடுப்பார்கள், கிட் விற்றவர் பாக்கியை வாங்கிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் சுவர் வேலையைக் காட்டும். பத்து அங்குலத் தடி உள்வைரம் வரை காற்றில் உலர ஆண்டுக்கணக்கு ஆகும். உத்தரவாதமோ பெரும்பாலும் ஓராண்டு. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கோத்தகிரிக்கு அருகே ஒரு தங்கும் விடுதியில் இதைக் கண்ணால் பார்த்தோம். சமவெளிப் பட்டறை ஒன்றிலிருந்து லாரியில் வந்த சில்வர் ஓக் கிட். நாக்கும் காடியும் எந்திரத்தில் எடுத்தது, மூலை வெட்டு கத்தியால் வரைந்ததுபோல் சுத்தம். குறை சொல்ல முடியாத வேலை. வடகிழக்குப் பருவமழை முடிந்து பனிக்காலத்து வெயில் அடித்ததும் முன்வாசல் கதவு சிக்கிக்கொண்டது. நிலையின் இருபுறமும் தடிகள் இறங்கிவிட்டன. நிலைக்கு மேலே இருந்த மூன்று வரி மட்டும் இறங்க முடியாமல் நிலைத் தலையில் உட்கார்ந்திருந்தது. சுவரின் மொத்தப் பாரத்தையும் ஒரு கதவு நிலை தலையில் சுமந்தது. பக்கத்து வரிகளில் பூசியிருந்த சீலன்ட் கிழிந்து, விரல் நுழையும் சந்து வழியே வெளிச்சம் தெரிந்தது. நிலைக்கும் தடிக்கும் நடுவே அசைவே இல்லாதபடி ஆறு அங்குல ஸ்க்ரூ இறுக்கியிருந்தார்கள். நகரும் காடியை விட்டுவிட்டு ஸ்க்ரூ போட்டது யார் என்று கேட்டால் கிட்காரர் ஆசாரியைக் காட்டினார், ஆசாரி கிட்காரரைக் காட்டினார்.

"தடி இறக்கினப்பவே தெரிஞ்சுதுங்க சார்," என்றார் அந்த ஆசாரி. "நாலு பேர் தூக்குறதை ஆறு பேர் தூக்கினோம். பச்சை மரமுங்கன்னு சொன்னேன். ட்ரை பண்ணித்தான் அனுப்பியிருக்கோம்னு போன்ல சொல்லிட்டாங்க."

ஊசி மீட்டரை வைத்துப் பார்த்தோம். தோலில் 16 காட்டியது. உறையிட்ட நீள ஊசியை அடித்து இறக்க இறக்க எண் ஏறிக்கொண்டே போய் 28-ஐத் தாண்டியது. அதற்கு மேல் அந்த மீட்டர் சொல்வதை நம்ப முடியாது. பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உலர்ந்தது என்று நம்பியிருக்கிறார்.

அந்தப் பட்டறையின் கையேட்டையும் வாங்கிப் பார்த்தோம். அமெரிக்க ஓக் கிட்டுக்கான கையேட்டைத் தழுவியது. சில்வர் ஓக் பெயரில்தான் ஓக்; ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த, வேறு குடும்பத்து மரம். அமெரிக்க வெள்ளை ஓக்கின் வைரப் பகுதியில் நீர்க்குழாய்கள் இயல்பாகவே அடைபட்டிருக்கும். விஸ்கி பீப்பாய்க்கு அது ஆவது அதனால்தான். அந்தத் தெம்பில் எழுதிய கையேட்டை, கரையானுக்கும் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கிற சில்வர் ஓக்குக்குப் பொருத்தினால் எப்படி? இந்த மரத்துக்கு மருந்து கட்டாயம். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் நல்ல மருந்து. அது பச்சை மரத்தில்தான் ஊறி உள்ளே போகும், உலர்ந்த மரத்தில் மேலோடு நின்றுவிடும். ஆகவே வரிசை முக்கியம்: பச்சையில் முக்கு, மூடி வைத்து ஊறவிடு, பிறகு உலர்த்து, பிறகு காடி எடு. நம்மூரில் நடப்பது தலைகீழ். காடி எடுத்து, சுவர் எழுப்பி, கடைசியில் பிரஷ்ஷால் மருந்து தடவுகிறார்கள். மழையில் கரையும் மருந்து அது. கூரை விளிம்பு இரண்டடியாவது வெளியே நீளவில்லை என்றால் முதல் மழையோடு போயிற்று.

அமெரிக்கக் கையேட்டைத் தழுவியவர்கள் அங்குள்ள ஒழுங்கையும் சேர்த்துத் தழுவியிருக்கலாம். தடிக்கட்டடத்துக்கென்றே அங்கு ஐசிசி 400 என்ற தரநிலை 2007-லிருந்து இருக்கிறது. தடிக்கு வலுத்தரம் பிரிக்க ஏஎஸ்டிஎம் டி3957 இருக்கிறது. தடியின் ஈரத்தை வைத்துத்தான் அங்கே இறக்கக் கணக்கே போடுகிறார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்று சொன்னால் அது பொய். மரக் கட்டமைப்புக்கு ஐஎஸ் 883, உலர்த்த ஐஎஸ் 1141, மருந்துக்கு ஐஎஸ் 401, எந்த வேலைக்கு எந்த ஊரில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று மண்டலம் பிரித்துச் சொல்ல ஐஎஸ் 287. அருமையான ஆவணங்கள். பெங்களூரு மர அறிவியல் நிறுவனமும் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் செய்த உழைப்பு அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது. பிளைவுட்டுக்கும் ஃப்ளஷ் கதவுக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணை போட்டு முத்திரையைக் கட்டாயமாக்கிய அதே அரசு, ஒரு குடும்பம் படுத்துத் தூங்கும் சுவருக்கு இவற்றில் ஒன்றைக்கூடக் கட்டாயமாக்கவில்லை.

ஏன் என்பதற்கு எங்களிடம் ஒரு பதில் உண்டு. இருபத்தேழு ஆண்டுத் தடை மரத்தை மட்டுமா விரட்டியது? மரம் அறிந்த பொறியாளரையும் விரட்டியது. அரசுக் கட்டடத்தில் மரம் இல்லை என்றானபின் மரத்தைச் சோதிக்கும் கருவி எதற்கு, உலர்த்தும் அறை எதற்கு, வகுப்பில் அந்தப் பாடம் எதற்கு? கான்கிரீட்டுக்குக் கனசதுரம் வார்த்து 28 நாள் காத்திருக்கும் பொறியாளர், மரத்தைத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். 2020-இல் தடை நீங்கியபோது, மறந்துபோன அறிவை மீட்க ஒரு பயிற்சித் திட்டமாவது கூடவே வரும் என்று எதிர்பார்த்தோம். வந்ததாகத் தெரியவில்லை. தடை போட்டவர்களுக்கும் ஒரு கையெழுத்து, நீக்கியவர்களுக்கும் ஒரு கையெழுத்து. இடையில் ஒரு தலைமுறை ஆசாரிகள் அலுமினிய சன்னல் மாட்டப் போய்விட்டார்கள் என்ற கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது?

இதில் காசும் இருக்கிறது. டன் கணக்கில் மரம் விற்கும் இடத்தில் ஈரம்தான் லாபம். அளந்தால் விற்பவருக்கு நட்டம். கன அடிக்கு விற்றால், சுருங்கியபின் குறையும் அளவு வாங்கியவர் தலையில். ஆக, அளக்க வேண்டும் என்று கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவருக்கு ஈரம் என்ற சொல்லே கதவு சிக்கிய பிறகுதான் அறிமுகமாகிறது. இங்கேதான் அரசு நுழைந்திருக்க வேண்டும். புவிக்குறியோடு மரத்தைப் படம் பிடிக்க இணையதளம் கட்டத் தெரிந்தவர்களுக்கு, சில ஆயிரம் ரூபாய் ஊசி மீட்டரை ஒவ்வொரு அறுவை மில்லிலும் வைக்கச் சொல்லத் தெரியாதா?

பராமரிப்பைப் பற்றித் தனியே எழுதியிருக்கிறோம், முழுதும் திரும்ப எழுதவில்லை. அடிவரித் தடி தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையாமல் நிற்கட்டும். மேல்நோக்கிய வெடிப்பை மழைக்கு முன் அடையுங்கள், கீழ்நோக்கியதைத் தொடாதீர்கள், அது மூச்சுவிடும் வழி. தடி முனைகள்தான் முதலில் உளுக்கும், அங்கே கண் வையுங்கள். ஸ்க்ரூ ஜாக்கைப் பலகை போட்டு அழகாக மறைத்துவிட்டு, பிறகு திருப்ப வழியில்லாமல் தவிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சில்வர் ஓக் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும். பட்டறைப் பையன்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். அதற்கு எந்த ஆணையும் தேவையில்லை.

மாநில அரசிடம் எங்கள் கோரிக்கை மூன்று வரிதான். மாதிரி விதிகளை ஏற்று ஆணை வெளியிடும்போது, கட்டுமானத்துக்குப் போகும் மரத்துக்கு அறுவை மில்லில் ஈரப்பதம் அளந்து பில்லில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். முழுத்தடி வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போது இறக்கக் கணக்கைக் கேளுங்கள். பொதுப்பணித் துறையின் உதவிப் பொறியாளர்களுக்கு மரம் அளக்கச் சொல்லிக் கொடுங்கள். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆணை வரும் வரை காத்திருக்க நம்மால் முடியாது. ஆர்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே கட்டுநர்களுக்கும் ஆசாரிகளுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. லாரி வந்து நின்றதும் ஆளை ஏற்றாதீர்கள். மேலடுக்கில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று தடியைத் தேர்ந்து, முனையிலிருந்து இரண்டடி உள்ளே நீள ஊசியை அடித்து, உள்வைரத்தின் அளவை எடுங்கள். கிட்காரர் பில்லில் எழுதிய எண்ணோடு அது ஒத்துப்போனால் இறக்குங்கள். பில்லில் எண்ணே இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.