வகுப்பு மாற்றமும் வர்க்க மாற்றமும்

கற்பனையுலகப் பாத்திரங்களை ஏற்று ஆடும் வீடியோ விளையாட்டுகளில், ஆடுபவர் முதற்கண் தமக்கெனப் பாத்திரமொன்றைப் படைத்துக் கொள்கின்றார். அதற்குப் பெயரிட்டபின் அதன் வகுப்பைத் தெரிவு செய்கின்றார். வாள்வீரன், மந்திரவாதி, மதகுரு, கள்வன் என்றவாறு அமையும் இவ்வகுப்பே பாத்திரத்தின் தொழிலையும் ஆற்றலையும் வரையறுத்து விடுகின்றது. பாதி வழி சென்றபின் வகுப்பை மாற்றலாமா என்பது ஆடுவோரிடையே நெடுங்காலமாக நிலவும் வழக்கு. மாற்றுதல் தொடங்கிய வாழ்வுக்கு இழைக்கும் துரோகம் என்பர் ஒரு சாரார். மாற்றத்துக்கு இடமில்லையேல் விளையாட்டே சிறையாகும் என்பர் மற்றொரு சாரார். பொழுதுபோக்குப் பற்றிய வீண்வாதம் என்று அறிஞர்கள் இதனை ஒதுக்கிவிடக் கூடும். ஆயின் பதுளையையும் ஊவாத் தோட்டங்களையும் அறிந்தோர் அவ்வாறு ஒதுக்குதல் இயலாது. ஏனெனில் இவ்வழக்கின் அடியில் உள்ள வினா ஒன்றே: தொழில் மாறும் மனிதன் அதுவரை உழைத்த உழைப்பின் கணக்கு என்னாகின்றது?

விளையாட்டுகள் இவ்வினாவுக்கு மூவகை விடை கூறியுள்ளன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டயாப்ளோ 2’ இல் வகுப்பு தொடக்கத்திலேயே முடிந்த முடிபு. பிற்காலத்தில் திறன்களை மீளப் பகிர்ந்துகொள்ள வழி செய்யப்பட்டபோதும் வகுப்பு மாறவில்லை. 1988இல் ஜப்பானில் வெளியான ‘டிராகன் குவெஸ்ட் 3’ இன் விதி வேறு. இருபதாம் படியை எட்டிய பாத்திரம் ஆலயமொன்றிற் சென்று வகுப்பை மாற்றலாம். மாறியவுடன் அது முதலாம் படிக்கு இறங்கும். உடல் வலிமை முதலியன பாதியாகும். ஆயினும் கற்ற மந்திரங்கள் கைவிட்டுப் போகா. போர்க்களத்தில் பயனற்றவன் என எள்ளப்படும் கோமாளி, இருபது படி உழைத்தபின் ஞானியாக மாறக்கூடும் என்பதும் அவ்விளையாட்டின் விதியே. 1998இன் ‘பால்டர்ஸ் கேட்’ இல், வகுப்பு மாறிய மனிதப் பாத்திரத்தின் பழைய திறன்கள் பூட்டி வைக்கப்படுகின்றன. புதிய வகுப்பிற் பழைய படியைக் கடந்ததும் பூட்டுத் திறக்கின்றது. பின்னர் இரு தொழில்களும் அவனுக்கு உரியனவாகின்றன.

மாற்றத்தை அனுமதிக்கும் இவ்விரு விளையாட்டுகளுக்கும் பொதுவான அறம் மூன்று. மாற்றத்தின் விலை முன்கூட்டியே தெரியும். மாறுவதா என்பதை ஆடுபவரே தீர்மானிக்கின்றார். மாறியவனின் கடந்தகாலம் முற்றாக அழிக்கப்படுவதில்லை. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு ஊவாவின் வரலாற்றை நோக்குவோமாயின், கற்பனையுலகை வகுத்தவர்களுக்கு இருந்த நேர்மை மெய்யுலகை ஆண்டவர்களுக்கு இருக்கவில்லை என்பது புலனாகும்.

பசறை, லுணுகலை, தெமோதரை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை மலைகளுக்கு வந்தவனின் வகுப்பு செக்ரோலில் எழுதப்பட்டது. தோட்டம் விட்டுத் தோட்டம் போவதற்கும் ‘துண்டு’ வேண்டும். அத்துண்டு அவன் கவ்வாத்தில் எத்துணைக் கைதேர்ந்தவன் என்பதைக் கூறவில்லை; அவன்மீதுள்ள கடன் எவ்வளவு என்பதையே கூறிற்று. விளையாட்டுப் பாத்திரம் தன்னுடன் திறனைக் கொண்டு சென்றது. தோட்டத் தொழிலாளி தன்னுடன் கடனைக் கொண்டு சென்றான். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்த பெரிய மாற்றமோ அவன் கேளாமலே நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளைத் தொகுதி இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வாக்காளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மீதி வழக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. இதுவும் பாதி வழியில் நிகழ்ந்த வகுப்பு மாற்றமே. ஆனால் தெரிவு செய்தவர் வேறு, மாற்றப்பட்டவர் வேறு.

இன்று அதே மலைகளில் மற்றொரு மாற்றம் முன்வைக்கப்படுகின்றது. அதன் பெயர் ‘அவுட்குரோவர்’ முறை. நாட்கூலித் தொழிலாளிக்குக் குறித்த அளவு தேயிலைச் செடிகள் ஒப்படைக்கப்படும். அவர் அவற்றைப் பராமரித்துக் கொழுந்தைக் கம்பனிக்குக் கிலோக் கணக்கில் கொடுப்பார். உரத்துக்கும் மருந்துக்கும் உரிய செலவு கழிக்கப்பட்டு மிகுதி அவருக்கு வழங்கப்படும். தொழிலாளி இனித் தொழிலாளி அல்லர், சிறு முயற்சியாளர்; பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டியதில்லை; அரைப்பேர் என்ற அவமானமும் இல்லை என்று இதன் ஆதரவாளர் கூறுகின்றனர். இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கைச் சிறு தோட்ட உடைமையாளரே உற்பத்தி செய்கின்றனர் என்பதையும் அவர் சான்று காட்டுவர்.

இச்சான்று உண்மை, அதிலிருந்து பெறும் முடிபு பொய். தென்னிலங்கையின் சிறு தோட்ட உடைமையாளர் காணிக்கு உரியவர். விலை கட்டுபடியாகாவிடின் வேறு தொழிற்சாலைக்குக் கொழுந்தைக் கொடுப்பார். காணியைப் பிள்ளைகளுக்கு எழுதி வைப்பார். பசறை மலையிற் செடி பெற்றவருக்கு இவற்றுள் எது உண்டு? தோட்டக் காணி 1970களின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயிற்று. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. தான் குத்தகைக்குப் பெற்றதைக் கம்பனி பிறருக்கு உடைமையாக்க இயலாது. ஆகவே அவர் பெறுவது காணியன்று, காணியின் பாரம். வரட்சியும் மண்சரிவும் விலைவீழ்ச்சியும் நேற்றுவரை கம்பனியின் நட்டம்; இனி அவருடைய நட்டம். உடைமையாளரின் பெயர் கிடைக்கின்றது, உடைமை கிடைக்கவில்லை. வகுப்பு மாறுகின்றது, வர்க்கம் மாறவில்லை.

இனி அவர் இழப்பதைக் கணக்கிடுதல் தகும். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்கீழ் தொழில் கொள்வோர் சம்பளத்தின் 12 வீதத்தைச் செலுத்துகின்றனர். 1980ஆம் ஆண்டின் ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டத்தின்கீழ் மேலும் 3 வீதம் உண்டு. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், நாட்கூலியாளருக்குச் சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும் 14 நாட் சம்பளத்தை உரித்தாக்குகின்றது. மகப்பேற்று நன்மைகளும் வேலையில் ஏற்படும் காயத்துக்கான நட்டஈடும் தொழிலாளி என்ற நிலையைப் பற்றியே நிற்கின்றன. அந்நிலை நீங்கிய நாளிலிருந்து இவை யாவும் வளர்ச்சியற்று நின்றுவிடும். சம்பளச் சபை நிர்ணயிக்கும் நாட்கூலியும் அவரைக் கட்டுப்படுத்தாது. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது என்பதை மலையகம் மறந்திராது. இருபத்தைந்து ஆண்டு கொழுந்து பறித்த ஒரு பெண் முதலாம் படிக்கு இறக்கப்படுகின்றாள். ‘டிராகன் குவெஸ்ட்’ விட்டுவைத்த பாதி வலிமையேனும் அவளுக்கு விடப்படவில்லை.

இதனாற் பழைய நிலையே மேல் என்று கூறுவோரும் உளர். தொழிலாளி தொழிலாளியாகவே இருந்தாற்றான் தொழிற்சங்கம் நிலைக்கும், இனத்தின் அடையாளம் காக்கப்படும் என்பது அவர் கட்சி. இது ‘டயாப்ளோ’வின் விதி. லயத்தில் பிறந்தவரின் பிள்ளையும் செக்ரோலிற் பெயர் பதிய வேண்டும் என்ற துரைமார் ஆசைக்கும் இவ்வாதத்துக்கும் இடையே வேறுபாடு சிறிதே. கூடை சுமந்தோரின் பிள்ளைகள் ஆசிரியராகியுள்ளனர், தாதியராகியுள்ளனர், பல்கலைக்கழக மண்டபங்களிலும் அமர்ந்துள்ளனர். 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டுவிட்ட காலத்தில், கோமாளிக்கு ஞானியாகும் உரிமை உண்டு என்று ஒரு விளையாட்டு ஒப்புக்கொண்டதைச் சங்கத் தலைமைகள் ஒப்புக்கொள்ளத் தயங்குவது வெட்கக்கேடாகும்.

ஆகவே வேண்டப்படுவது மாற்றத்தைத் தடுத்தலன்று. மாற்றத்துக்கு அறம் வகுத்தலாகும். மாறுவோர் தாமாக விரும்பி மாறல் வேண்டும். மறுப்பவரின் வேலைநாட்கள் குறைக்கப்படலாகாது. ஒப்பந்தம் அவர் படித்தறியும் தமிழில், கழிவுகள் யாவும் வெளிப்படையாக எழுதப்பெற்று, முன்கூட்டியே கையில் இருத்தல் வேண்டும். சேவையாண்டுகளின் பயன் முழுமையாகத் தீர்க்கப்படுவதுடன், புதிய நிலையிலும் சேமலாப நிதி தொடர வேண்டும். செடியைக் கொடுப்போர் காணி உறுதியையும் கொடுக்க வழி காணல் வேண்டும்; அது அரசின் கடமை. இம்முயற்சி பிழைத்தால் பழைய தொழிலுக்குத் திரும்பும் வாயிலும் திறந்திருத்தல் வேண்டும்.

மாணவர் சமுதாயத்துக்கும் இங்கு ஒரு கடமை உண்டு. கைத்தொலைபேசித் திரையிலே தம் பாத்திரத்தின் வகுப்பை மாற்றுமுன் விதிகளை வரிவரியாக வாசித்து, எது மிஞ்சும், எது போகும் என்று பலமுறை கணக்கிடும் இளைஞர் பலர் உளர். அவருட் பலரின் பெற்றோர் முன்னே நாளை ஒரு ஒப்பந்தத்தாள் நீட்டப்படலாம். அந்தத் தாளுக்கும் அதே வாசிப்பு உரியது. இழப்பதைக் கணக்கிடாமல் இடப்படும் கையொப்பம் வகுப்பு மாற்றமன்று. அது பெயர் மாற்றிய துண்டு.