நிறுவல் தவறினால் குற்றம் யாருடையது?

கணிப்பொறி ஒன்றில் இயக்கமுறைமையை நிறுவும் முயற்சி பாதியில் நின்றுவிடுமாயின், அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இருவகைத் தீர்ப்புகளே பெரிதும் வழங்கப்படுகின்றன. இயந்திரம் பழையது, கழித்துவிடலாம் என்பது ஒன்று. மென்பொருள் பழுது, மீண்டும் முதலிலிருந்து நிறுவுக என்பது மற்றொன்று. இரண்டும் விசாரணைக்கு முன்னரே எழுதப்படும் தீர்ப்புகள். எனவே, குற்றமற்றது தண்டிக்கப்படுவதும் குற்றமுள்ளது தப்பிவிடுவதும் அடிக்கடி நேருகின்றன.

இவ்வினா இப்பொழுது முன்னிலும் முதன்மை பெற்றுள்ளது. விண்டோஸ் 10 இயக்கமுறைமைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. அதனால், அதுவரை இடையூறின்றிப் பணியாற்றிய கணிப்பொறிகளிலும் வேறோர் இயக்கமுறைமையை நிறுவ வேண்டிய நிலை பள்ளிகளுக்கும் கள அலுவலகங்களுக்கும் ஏற்பட்டுள்ளது. இவற்றுட் பல, பெருநிறுவனங்களின் முத்திரை தாங்கியவை அல்ல. உள்ளூர்க் கடைகளில் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கூட்டியவை. இத்தகைய இயந்திரத்தில் நிறுவல் தவறும்போது அதைப் பற்றி முடிவு கூறுபவர் யார், எந்த ஆதாரத்தின் மீது கூறுகிறார் என்பது கருதற்பாலது. ஒரு தவறான முடிவினால் சிற்றூர்ப் பள்ளி ஒன்று தன் ஒரே கணிப்பொறியை இழக்க நேரிடலாம்.

புணே நகரின் கிழக்குப் புறத்தில், முளா-முட்டா ஆற்றங்கரையை அடுத்து அமைந்துள்ள கராடியை இன்று காண்போர், அதனைக் கண்ணாடி மாளிகைகள் நிறைந்த மென்பொருள் நகரமாகவே அறிவர். அங்கு நெடுங்காலமாக இயங்கிவரும் நிறுவனங்களுள் ஒன்று சென்சார் டெக்னாலஜீஸ். அதன் வரலாறோ மென்பொருளில் தொடங்கியதன்று. பின்னாளில் ஐ.சி.எல். எனப் பெயர் பெற்ற பிரிட்டானியக் கணிப்பொறிக் குழுமத்தின் இந்திய உற்பத்திக் கிளையாக, 1963-ஆம் ஆண்டில் புணேயில் அமைந்த நிறுவனமே அதன் முன்னோடி. அக்காலத்தில் கணிப்பொறியின் அடிமுதல் முடிவரை பொறுப்பு ஒருவரிடமே இருந்தது. ஐ.சி.எல். 1900 வரிசை இயந்திரங்களை ஆக்கிய குழுமமே அவற்றுக்குரிய ஜார்ஜ் என்னும் இயக்கமுறைமையையும் எழுதிற்று. இயந்திரமும் இயக்கமுறைமையும் ஒத்துப்போகாவிடின், எவரை வினவுவது என்பதில் வாங்கியவருக்கு ஐயம் எழ இடமில்லை.

அதே புணேயில் 1988-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சி-டாக் என்னும் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையமும் இவ்வுண்மையை வேறு வகையில் உணர்த்துகிறது. வெளிநாட்டு மீக்கணிப்பொறி கிடைப்பது அரிதான நிலையில், விஜய் பட்கர் தலைமையில் அம்மையம் 1991-இல் பரம் 8000 என்னும் இயந்திரத்தை உருவாக்கிற்று. அதன் செயலிகள் பிரிட்டனில் ஆன டிரான்ஸ்பியூட்டர்கள். எனினும் அவற்றை ஒன்றுபடுத்தி இயக்கும் நிரற்சூழலைப் பராஸ் என்னும் பெயரில் மையமே ஆக்கிக்கொண்டது. பிறர் செய்த உறுப்புகளைக் கூட்டி இயந்திரம் அமைப்பவர், அவ்வுறுப்புகளுக்கிடையே இணக்கம் காணும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

சென்னை ரிச்சி தெருவிலோ, புணே புதுவார் பேட்டையின் தாப்கிர் கல்லியிலோ கூட்டப்படும் கணிப்பொறிக்கு அத்தகைய ஒற்றைப் பொறுப்பாளர் இல்லை. செயலி ஒரு நிறுவனத்தது. தாய்ப்பலகை எனப்படும் மதர்போர்டு மற்றொன்றினது. ராம் என்னும் நினைவகமும், வட்டும், மின்வழங்கியும் வெவ்வேறு இடத்தன. தாய்ப்பலகையில் உறையும் பயாஸ் நிரல் ஒருவர் எழுதியது. இயக்கமுறைமை இன்னொருவர் எழுதியது. ஒவ்வொருவரும் தம் பொருள் நன்று என்றே உறுதி கூறுவர். அதில் உண்மையும் இருக்கலாம். பிழை பொருள்களில் இராமல், அவை கூடும் இடத்தில் இருத்தல் கூடும்.

பழுதற்ற இயந்திரம் பழுதுடையது போலத் தோன்றும் நிலைகள் பல. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பை வேண்டுகிறது. அண்மை ஆண்டுகளில் வெளிவந்த செயலிகள் பலவற்றில் இவ்வசதி உள்ளேயே அமைந்துள்ளது. ஆயினும் தாய்ப்பலகையின் பயாஸ் அமைப்புப் பக்கத்தில் அது அணைத்துவைக்கப்பட்டிருக்கக்கூடும். அந்நிலையில் நிறுவல் நிரல் இயந்திரம் தகுதியற்றது என அறிவிக்கிறது. அறிவிப்பைக் கண்ட அலுவலர் கழிவுப் பட்டியலில் அதனைச் சேர்த்துவிடுகிறார். உண்மையில் வேண்டியிருந்தது ஒரு தெரிவை மாற்றுவது மட்டுமே.

இன்டெல் நிறுவனத்தின் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமான செயலிகளைக் கொண்ட இயந்திரங்கள் சிலவற்றில் வி.எம்.டி. என்னும் வட்டுக் கட்டுப்பாட்டு முறை இயக்கத்தில் இருக்கும். அதற்குரிய இயக்கி நிரல் நிறுவல் தொகுப்பில் இல்லையாயின், புதிய வட்டும் திரையில் தோன்றாது. வட்டு பழுது எனக் கடைக்குத் திருப்பி அனுப்பினால், கடைக்காரர் அது நன்றாகவே உள்ளது என்று மீண்டும் அனுப்புவார். இயக்கியை ஏற்றுதல், அல்லது புதிதாக நிறுவும்போது அக்கட்டுப்பாட்டை நீக்குதல் இதற்கு மருந்தாகும்.

நிறுவும் பென்டிரைவும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. புதிய வகைப் பயாஸாகிய யூ.இ.எஃப்.ஐ. முறைக்கு ஏற்பப் பென்டிரைவைப் பொதுவாக ஃபேட் 32 வடிவில் அமைப்பர்; அவ்வடிவிலோ 4 ஜி.பி. அளவுடைய ஒரே கோப்பைப் படியெடுக்க இயலாது. கோப்பு பெரியதாயின் படி முழுமையாகாது. நிறுவல் நடுவில் முறியும். பழைய தாய்ப்பலகையின் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோயின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்சென்றுவிடும். அப்போது இணையத்தின் வழி வரும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் தொடங்காதவை போலத் தோன்றி ஏற்க மறுக்கப்படும். சிறு தொகைக்குக் கிடைக்கும் மின்கலம் ஒன்று, இணைய இணைப்பின் மீதும் இயக்கமுறைமையின் மீதும் பழி சுமத்திவிடுகிறது.

இதற்கு மறுதலையாக, உண்மையான வன்பொருட் பழுது மென்பொருட் பிழையின் வேடம் புனைந்து வருவதும் உண்டு. இதற்கு அண்மைச் சான்று 2024-ஆம் ஆண்டில் கிடைத்தது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணிப்பொறிச் செயலிகள் சிலவற்றைக் கொண்ட இயந்திரங்களில் நிரல்கள் காரணமின்றி நின்றன; சுருக்கப்பட்ட கோப்புகளை விரிக்கும்போது பிழைகள் தோன்றின; காட்சி நினைவகம் போதவில்லை என்னும் அறிவிப்புகளும் வந்தன. நிரல்களையும் காட்சி அட்டைகளையும் பலர் குறைகூறினர். இறுதியில், செயலி தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கோரி நாளடைவில் நலிவுற்றமை காரணம் எனத் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் திருத்தம் பயாஸ் வழியாக வெளியிடப்பட்டது. உத்தரவாதக் காலமும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. முன்னரே நலிந்த செயலியைத் திருத்தம் குணப்படுத்தாது. எத்தனை முறை இயக்கமுறைமையை மீண்டும் நிறுவினும் அந்த இயந்திரம் சீர்பட்டிராது.

நினைவகமும் அவ்வாறே. கூகுள் நிறுவனத்தின் கணிப்பொறிகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, நினைவகப் பலகைகளில் 8 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை ஓராண்டில் பிழைக்கு உள்ளாயின எனக் கண்டது. அவை பிழையைத் திருத்தும் அமைப்புடைய உயர்தர நினைவகங்கள். கடையில் கூட்டிய இயந்திரத்தில் அவ்வமைப்பு பொதுவாக இராது; பிழை தன்னை அறிவிக்காமலே கோப்புக்குள் புகுந்துவிடும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிறுவல் முறியுமாயின் முதலில் ஐயுறத்தக்கது நினைவகமே. ஒரே இடத்தில், ஒரே சொற்களுடன் முறியுமாயின் அமைப்புத் தெரிவையோ நிறுவல் கோப்பையோ ஐயுறுதல் தகும். இவ்வொரு வேறுபாட்டைக் கவனிப்பதற்கே, முதல் முயற்சியில் திரையில் தோன்றிய சொற்கள் எழுதிவைக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

ஆகவே விசாரணைக்கு ஒரு முறை தேவை. வட்டிலுள்ள மதிப்பெண் பட்டியல்களையும் அலுவலகக் கோப்புகளையும் முதற்கண் நகலெடுத்தல் வேண்டும். திரையிலுள்ள பிழைச் செய்தியை அப்படியே எழுதிக்கொள்ளல் வேண்டும். பின்னர் மின்னிணைப்பையும், நிலத்தொடர்பையும், உள்ளிணைப்புக் கம்பிகளையும் பார்த்தல் நன்று. அடுத்து, இயந்திரத்தை அதன் மிகக் குறைந்த உறுப்புகளுக்குச் சுருக்குதல் வேண்டும்: ஒரு நினைவகப் பலகை, ஒரு வட்டு போதும், கூடுதல் அட்டைகளை அகற்றிவிடலாம். பயாஸ் தெரிவுகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, நினைவகத்தை மிகைவேகத்தில் இயக்கும் தெரிவிருப்பின் அதனை நீக்குதல் வேண்டும். வட்டுக் கட்டுப்பாட்டுத் தெரிவுகள் முன்னிருந்தவாறு குறித்துவைக்கப்பட்ட பின்னரே இதனைச் செய்தல் முறை. 1994-இல் தோன்றி இன்றும் வழங்கும் மெம்டெஸ்ட்86 போன்ற நிரலைக் கொண்டு நினைவகத்தை ஓர் இரவு முழுதும் சோதிக்கலாம். நிறுவல் கோப்பின் சரிபார்ப்புத் தொகையை, வெளியிட்டோர் அறிவித்த தொகையுடன் ஒப்பிடலாம். அதே பென்டிரைவு வேறோர் இயந்திரத்தில் தொடங்குகிறதா எனக் காணலாம். பயாஸைப் புதுப்பிக்க நேரின், யு.பி.எஸ். துணையின்றி அதனைத் தொடங்கலாகாது. நடுவில் மின்சாரம் நின்றால் நல்ல தாய்ப்பலகையும் பயனற்றுப் போகலாம்.

இவை அனைத்தினும் மேலான விதி ஒன்றுண்டு. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதை எழுதுக. நினைவகத்தையும் பென்டிரைவையும் பயாஸ் தெரிவையும் ஒருங்கே மாற்றிய பின் நிறுவல் வெற்றிபெறின், இயந்திரம் இயங்கும்; ஆனால் காரணம் விளங்காது. காரணம் விளங்காத வெற்றி அடுத்த தோல்விக்கு மருந்தாகாது.

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் காரணங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் நேரமில்லை என்பது முதலாவது. உண்மைதான், எனினும் நினைவகச் சோதனை மனிதத் துணையின்றி இரவில் நடப்பது. மூன்று முறை வீணாக நிறுவுவதற்குச் செலவாகும் பொழுதைக் காட்டிலும், ஒரு பக்கம் எழுதுவதற்காகும் பொழுது குறைவே. பழுது நீக்குவோர் இருக்க ஆசிரியர் ஏன் இதனை அறிய வேண்டும் என்பது இரண்டாவது. நோயாளி மருத்துவர் ஆக வேண்டுவதில்லை. ஆனால் காய்ச்சல் எந்நாளில் தொடங்கியது என்பதைச் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும். அதனைச் சொல்லாதார்க்கு எத்துணைச் சிறந்த மருத்துவரும் ஊகத்தின் மீதே மருந்தளிப்பர்.

பழைய இயந்திரத்தைக் காப்பது வீண் சிக்கனம் என்பாரும் உளர். எல்லா இயந்திரங்களையும் காக்க வேண்டுமென எவரும் கூறார். மின்வழங்கி எரிந்து தாய்ப்பலகையையும் கெடுத்துவிட்ட இயந்திரம் கழிக்கத்தக்கதே. ஆனால் விண்டோஸ் 11 ஏற்காத செயலியுடைய ஒன்று, அக்காரணத்தால் மட்டும் குப்பையாகிவிடாது. சி-டாக் உருவாக்கி வழங்கும் பாஸ் என்னும் லினக்ஸ் வகை இயக்கமுறைமையோ அதனை ஒத்த பிறவோ அதில் இயங்கக்கூடும். எழுதவும், படிக்கவும், நிரலெழுதப் பழகவும் அது போதும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவை முறையாகக் கையாளும் கடமையை வலியுறுத்துகின்றன. கழிவாகாத ஒன்றைக் கழிவாக்காதிருத்தல் அக்கடமையின் முதற்படி.

எனவே, கூட்டி அமைத்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு குறிப்பேடு கட்டாயமாதல் வேண்டும். தாய்ப்பலகையின் பெயரும் பயாஸ் பதிப்பும், செயலி, நினைவகம், வட்டு, மின்வழங்கி ஆகியவற்றின் விவரமும், வாங்கிய நாளும், உத்தரவாதம் முடியும் நாளும் அதன் முதற் பக்கத்தில் இருத்தல் வேண்டும். பிந்திய பக்கங்களில் ஒவ்வொரு பழுதும், செய்த மாற்றமும், விளைந்த பயனும் நாளுடன் பதிவாதல் வேண்டும். அத்தகைய பதிவின்றி எந்த இயந்திரத்தையும் இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்க ஒப்புதல் அளிக்கலாகாது. முத்திரைக் கணிப்பொறிக்கு அதனை ஆக்கிய நிறுவனம் விடை கூறும். கூட்டிய கணிப்பொறிக்காக விடை கூற அக்குறிப்பேட்டைத் தவிர வேறொருவரும் இல்லை.

ஆசிரியர்க்கு இதில் மற்றொரு பயனும் உண்டு. ஐயுறுதல், ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தல், கண்டதை எழுதுதல், முடிவை அதன் பின்னரே கூறுதல் என்னும் அறிவியல் நெறியை மாணவர்க்கு விளக்க ஆய்வுக்கூடத்தையும் அரிய கருவிகளையும் தேட வேண்டுவதில்லை. இயங்க மறுக்கும் கணிப்பொறி ஒன்றும், ஒரு குறிப்பேடும், திருகாணி முடுக்கி ஒன்றும் அதற்குப் போதும்.