சராசரிக்குப் பக்கத்தில் ஓர் எண்

பாபநாசத்து அருவியின் வேகத்தையே யந்திரத்துக்குச் சக்தியாக்கி, 1880-களில் ஹார்வி சகோதரர்கள் மலையடிவாரத்தில் நூற்பாலையை நிறுவிய காலந்தொட்டு, விக்கிரமசிங்கபுரத்தின் பேச்சில் பஞ்சும் நூலும் கவுண்டும் ஆலைச்சங்கும் இரண்டறக் கலந்துவிட்டன. நாற்பது ஓடுகிறதா, அறுபது ஓடுகிறதா என்று ஒருவர் கேட்டால், அது நூலின் நம்பரைப் பற்றிய விசாரணை என்பது இவ்வூர்ச் சிறு பிள்ளைகளுக்கும் விளங்கும். அந்த நாற்பதைப் பற்றியே பரிசோதனைக் கூடங்களில் பணிபுரியும் நம் வாசகர்களோடு இம்முறை சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். அது பல எண்களைக் கூட்டி வகுத்துக் கண்ட சராசரி என்பதை நாம் நாள்தோறும் பதிவேட்டில் எழுதுகிறோம். எழுதிய கையோடு மறந்தும் விடுகிறோம்.

ராப் ரீலில் 120 கஜம் சுற்றி எடுத்த ஒரு லீயின் எடையைக் கிரெயினில் கண்டு, அதனால் ஆயிரத்தை வகுத்தால் கவுண்ட் கிடைக்கும். 25 கிரெயின் இருந்தால் 40-ஆம் நம்பர். ஒரு ரிங் பிரேமிலிருந்து ஐந்து லீக்கள் எடுத்ததில் 39.5, 39.8, 40, 40.2, 40.5 என்றும், அடுத்த பிரேமிலிருந்து எடுத்த ஐந்தில் 36, 38, 40, 42, 44 என்றும் வந்ததாகக் கொள்வோம். இரண்டின் கூட்டுச் சராசரியும் பிசகின்றி நாற்பதுதான். இரண்டின் இடைநிலை எண்ணும் நாற்பதுதான். மேலதிகாரியின் மேஜைக்குச் செல்லும் தாளில் இரண்டு பிரேம்களும் இரட்டைக் குழந்தைகளைப் போல் நிற்கும். ஆனால் அங்கே சைடு பார்க்கும் பெண்களைக் கேட்டால், எந்தப் பிரேமில் ஓடி ஓடி இழை பிணைத்துக் கால் கடுக்கிறது என்பதை எந்தக் கணிதமும் கல்லாமலே சொல்லிவிடுவார்கள்.

நூல் தன் சராசரியில் அறுவதில்லை. மிக நலிந்த இடத்தில் அறுகிறது. பருத்தி நூலின் வலிமையை ஆராய்ந்த பியர்ஸ் என்ற விஞ்ஞானி 1926-இல் இதனைச் சங்கிலியின் நலிந்த கண்ணிக்கு ஒப்பிட்டு, நூலின் நீளம் கூடக் கூட அதன் வலிமை ஏன் குறைகிறது என்பதைக் கணித ரீதியாகவே விளக்கினார். இங்கு நம் தொழிலுக்கே உரிய ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். லீ வலிமைச் சோதனையில் எண்பது சுற்று நூலை இரு கொக்கிகளுக்கிடையே மாட்டி இழுக்கும்போது, 160 இழைகள் ஒருங்கே பாரத்தைத் தாங்குகின்றன. அவற்றுள் நலிந்தது அறுந்தாலும் அதன் பங்கை மற்றவை ஏற்றுக்கொள்வதால், அதன் பலவீனம் முள்ளின் கணக்கில் தனியே தெரிவதில்லை. அதாவது நாம் பேனாவை எடுப்பதற்கு முன்பே அந்த யந்திரம் ஒருவிதச் சராசரியைப் போட்டு முடித்துவிடுகிறது. தறியிலோ இவ்விதச் சலுகை கிடையாது; பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் நல்லனவாக இருந்தும் ஒன்று அறுந்தால் தறி நின்றுதான் ஆக வேண்டும். தனி இழைச் சோதனையைச் சிரமம் என்று தள்ளிவைக்கும் கூடங்கள் இதைச் சிந்திப்பது நலம்.

ஆகவே சராசரிக்குப் பக்கத்தில் சிதறலைக் காட்டும் இன்னோர் எண் நின்றே தீர வேண்டும் என்பது எம்முடைய திடமான அபிப்பிராயம். திட்டவிலக்கம் கணக்கிட நேரமில்லை என்ற சமாதானம் செல்லாது. ஐந்து எண்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு, அதனை 2.326-ஆல் வகுத்தால், இயல்நிலைப் பரவலுக்கு, திட்டவிலக்கத்தின் நல்ல மதிப்பீடு. மேற்சொன்ன முதற் பிரேமுக்கு 0.43, இரண்டாவதற்கு 3.44. இந்த எளிய வழிக்கு அடிப்படையான கணிதத்தை 1925-இல் வெளியிட்ட டிப்பெட் என்பவர் மான்செஸ்டர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது. உலகத்து ஆலைகள் பலவும் இன்று கட்டுப்பாட்டு வரைபடத்தில் பயன்படுத்தும் வீச்சு, பஞ்சாலையோடு உறவுடைய கணிதம். அவ்வரைபடத்தை உருவாக்கிய ஷூவார்ட்டே 1947-48-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிசின் அழைப்பின்பேரில் இந்தியாவுக்கு வந்து சென்றார். கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 1956-இல் தோன்றியது. கற்பிப்பார் இல்லாமையால் நாம் கல்லாதிருந்தோம் என்று சொல்ல இயலாது.

சிதறலைக் காட்டுவதற்கு முன், மாதிரியை நேர்மையாக எடுக்க வேண்டும். இளமையில் யாம் பணி கற்ற ஒரு கூடத்தில், நூல் சுற்றிய காப்புகளை எப்போதும் பிரேமின் வாசற்பக்கத்திலிருந்தே எடுப்போம். நடை குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஓர் எண் மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றால், லீ சரியாகச் சுற்றவில்லை என்று சொல்லி அதை நீக்கிவிட்டு இன்னொன்று எடுப்பதும் வழக்கம். கோணிய கதிரும் தேய்ந்த உருளையும் அந்த நீக்கப்பட்ட எண்ணின் வழியாகவே எம்மை அழைத்துக்கொண்டிருந்தன என்பதைப் பல ஆண்டுகள் கழித்து உணர்ந்தபோது ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. மனிதனின் கை தானாகத் தேர்ந்தெடுத்தால் பாரபட்சம் புகுந்துவிடும் என்பதை அறிந்தே, டிப்பெட் 1927-இல் 41,600 இலக்கங்கள் கொண்ட சமவாய்ப்பு எண் அட்டவணையை வெளியிட்டார். எந்தக் கதிரிலிருந்து காப்பு எடுப்பது என்பதை அத்தகைய அட்டவணை சொல்லட்டும். நம் கால்களின் சோம்பல் சொல்ல வேண்டாம்.

இன்னொரு பிழை உண்டு. அது இதனினும் சூட்சுமமானது. ஆனி ஆடியில் பொதிகையின் சாரல் இவ்வூர்மீது இறங்கும்போது பஞ்சு ஈரத்தை உறிஞ்சிக் கனக்கிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு எடை கூடினாலே 25 கிரெயின் லீ 25.5 ஆகி, மாறாத நாற்பதாம் நம்பர் நூல் 39.2 போலத் தோன்றும். இது சிதறல் அன்று, ஒருபுறச் சாய்வு. ஐந்துக்குப் பதில் ஐந்நூறு லீக்கள் எடுத்தாலும் நீங்காது. ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிலைநிறுத்திய அறையில் நூலை ஆறவைத்து நிறுப்பதே அதற்குப் பரிகாரம். சிதறலால் வரும் ஐயமோ மாதிரியைப் பெருக்கினால் குறையும். எனினும் பாதியாகக் குறைய நான்கு மடங்கு லீக்கள் வேண்டும். இவ்விரண்டு நோய்களையும் ஒன்றென மயங்கி, ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துத் துலாக்கோலைக் குறை கூறுவோரை யாம் கண்டிருக்கிறோம்.

தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கிய சிவஞான முனிவர் பிறந்தது இந்த விக்கிரமசிங்கபுரத்தில்தான். மலையில் புகை கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணிவது அந்நூல் பேசும் அனுமானம். புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டு என்ற பிசகாத வியாப்தி அதற்கு ஆதாரமாக நிற்கிறது. ஐந்து லீக்களைக் கண்டு ஒரு பிரேமின் நூல் முழுவதையும் துணியும் நமக்கு அத்தகைய வியாப்தி கிட்டுவதில்லை. ஆதலால் நம் துணிவு எவ்வளவு உறுதியானது என்பதையும் உடன் சொல்லும் கடமை நமக்கு உண்டு. சராசரியை மட்டும் எழுதி அனுப்புகிறவர் அக்கடமையில் தவறுகிறார்.

வாசகர்கள் அடுத்த இதழுக்குத் தம் கூடத்திலிருந்து குறிப்புகள் அனுப்பும்போது, மாதச் சராசரியோடு நிறுத்தாமல், எடுத்த லீ ஒவ்வொன்றின் எடையையும், எடுத்த கதிரின் எண்ணையும், அன்றைய ஈரப்பதத்தையும், ஒட்டாத எண்ணென்று நீக்க நினைத்தவற்றையும் சேர்த்தே அனுப்புமாறு அன்புடன் வேண்டுகிறோம்.