நேரடி வணிகம் என்கிறார்கள்; யாருக்கு நேரடி?

சென்னை, பெங்களூரு காபிக் கடைகளில் இப்போது அடிபடும் சொல் ‘டைரக்ட் டிரேடு’, அதாவது நேரடி வணிகம். ஏலம் இல்லை, இடைத்தரகர் இல்லை. கொட்டையை வறுத்து விற்பவர் தோட்டத்துக்கே போய், சுவைத்துப் பார்த்து, சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறார். பாக்கெட்டில் தோட்டத்தின் பெயர், மலையின் உயரம், செடியின் ரகம், சில நேரம் உரிமையாளரின் படம்கூட அச்சாகிறது. பழம் பறித்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்பது மட்டும் அச்சாவதில்லை.

2000-களில் அமெரிக்காவின் இன்டெலிஜென்ட்சியா போன்ற வறுப்பு நிறுவனங்கள் பரப்பிய சொல் இது. நியாய வணிகச் சான்றிதழுக்காவது வெளியார் தணிக்கை உண்டு. நேரடி வணிகத்துக்குப் பொதுவான விதியும் கிடையாது, தணிக்கையும் கிடையாது. வாங்குகிறவர் சொல்வதுதான் சான்று. அவரும் பேசுவது உரிமையாளரிடம்தான். தோட்டத்தின் கேட்டைத் தாண்டி ‘நேரடி’ உள்ளே போவதில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1942-ஆம் ஆண்டுக் காபிச் சட்டத்தின்படி, விளைந்த காபியைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாடு 1992 முதல் தளர்ந்து, 1996-இல் முற்றிலும் விலகியது. அதன் பிறகே உரிமையாளர் தன் விளைச்சல் முழுவதையும் விரும்பியவருக்கு விற்க முடிந்தது. ஆனால் அந்தச் சுதந்திரம் நிலம் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம். குடகு, சிக்மகளூர், ஏற்காடு, கீழ்ப்பழனி மலை என எங்கே போனாலும் பெருந்தோட்ட உரிமையாளர்களில் ஒரு தலித்தைக் காண்பது அரிது. களை வெட்டவும் பழம் பறிக்கவும் வருகிறவர்களைப் பாருங்கள். தலித்துகள், பழங்குடிகள், இப்போது அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள்.

தரகரை ஒழித்துவிட்டோம் என்று சொல்லும்போது எந்தத் தரகரை என்று நாம் கேட்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் தமிழகத்துச் சேரிகளிலிருந்து இலங்கைக் காபித் தோட்டங்களுக்கு நம் முன்னோரைக் கொண்டுபோனவர் கங்காணி. முன்பணம் கொடுத்து, கடனில் கட்டி, கூலியில் பிடித்துக்கொண்டவர். கங்காணி முறை சட்டத்தில் போய்விட்டது. முன்பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் மேஸ்திரி இன்னும் இருக்கிறார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இருந்த ஆள்தான் போயிருக்கிறார்.

தரமான காபி என்பதன் சுமையும் பறிப்பவர் கையில்தான் விழுகிறது. நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும் என்பது இந்த வணிகத்தின் முதல் நிபந்தனை. கிளையை மொத்தமாக உருவினால் கூடை சீக்கிரம் நிறையும். ஒவ்வொரு பழமாகப் பார்த்துப் பறித்தால் நாளின் எடை குறையும். கிலோ கணக்கில் கூலி என்றால் வருமானமும் குறையும். தரத்துக்கான கூடுதல் விலை உரிமையாளருக்கு, தரத்துக்கான கூடுதல் உழைப்பு தொழிலாளிக்கு!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வறுத்த காபி 250 கிராமுக்கு ஏறத்தாழ 2 கிலோ பழம் வேண்டும். பறிகூலி கிலோவுக்கு 10 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு பாக்கெட்டில் அது 20 ரூபாய். பாக்கெட் விலை 500 ரூபாய் என்றால், கூலியை இரட்டிப்பாக்க வாங்குகிறவர் 20 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் போதும். கட்டுப்படியாகாது என்ற பேச்சு இந்தக் கணக்கின் முன் நிற்காது.

சிறு விவசாயிக்கு நேரடி வணிகம் உதவுகிறதே என்பார்கள். உதவுகிறது, மறுக்கவில்லை. ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து விளைவித்த காபிக்கு 2017-இல் பாரிஸில் கடையே திறந்தார்கள். அங்கே செடி வைப்பதும் பழம் பறிப்பதும் பெரும்பாலும் ஒரே குடும்பம். பழங்குடி நிலம் மற்றவர் கைக்குப் போகாமல் தடுக்கும் 1970-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் அங்கே உண்டு. நிலம் உழைப்பவர் கையில் இருந்தால் கூடுதல் விலை உழைப்பவருக்கே போகிறது. சூட்சுமம் வணிகத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரே குடகு. காபித் தோட்டத்து லைன் வீடுகளில் தலைமுறையாக அடைபட்டிருந்த பழங்குடிக் குடும்பங்கள் பல அதை விட்டு வெளியேறி, திட்டள்ளியில் குடிசை போட்டன. 2016 டிசம்பரில் வனத்துறை அந்தக் குடிசைகளை இடித்துத் தள்ளியது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் அது. பஞ்சமி நிலம் கேட்டுப் போராடிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எனவே காபி வாங்கும் நிறுவனங்களிடம் சிலவற்றை வெளிப்படையாகக் கேட்போம். தோட்டத்துக்குக் கொடுத்த விலையோடு தொழிலாளிக்குக் கிடைத்த கூலியையும் அச்சிடுங்கள். சிவந்த பழம் மட்டும் வேண்டுமென்றால் நாள்கூலியாகவோ உயர்த்திய பறிகூலியாகவோ கொடுப்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தோட்டத்துக்குப் போகும்போது உரிமையாளர் வீட்டுத் திண்ணையோடு திரும்பாமல், அவர் பக்கத்தில் இல்லாதபோது லைன் வீட்டுப் பெண்களிடமும் பேசுங்கள். தலித், பழங்குடி விவசாயிகளின் சங்கங்களிடமிருந்து முதலில் வாங்குங்கள்.

இவை எதையும் செய்யாமல் ‘நேரடி’ என்று அச்சிட்டால், நிலம் வைத்திருக்கும் சாதிக்கும் காசு வைத்திருக்கும் வர்க்கத்துக்கும் இடையிலான நேரடி உறவு என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.