கேளாச் செவிக்கும் பலம் உண்டு

கொள்ளேகால் என்றதும் நினைவுக்கு வருவது பட்டு. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை கோவை மாவட்டத்தில் இருந்து, பின்னர் மைசூர் மாவட்டத்துக்கும் 1997-இல் புதிய சாமராஜநகர் மாவட்டத்துக்கும் மாறிய இந்த நெசவாளர் ஊர், தமிழர்களுக்கு அந்நியமானதல்ல.

நெசவுக்கும் செவிக்கும் பழைய பகை உண்டு. கைத்தறியின் ஓசை தாங்கக்கூடியது. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலோ 90 டெசிபலை எளிதில் தாண்டிவிடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் பணிபுரிந்த பெண்கள், உதட்டசைவைப் பெரிதாக்கிக் காட்டிப் பேசும் முறையையே உருவாக்கிக் கொண்டனர். கேட்கும் திறன் உள்ளவர்கள் சிரமப்பட்டுக் கற்ற அந்த வித்தை, காது கேளாதவர்கள் பலருக்கு அன்றாடப் பழக்கம். முதல் உலகப் போரின்போது ஆள் பற்றாக்குறையால் தவித்த அமெரிக்காவின் ஆக்ரன் நகர டயர் ஆலைகள், காது கேளாதோரை நூற்றுக்கணக்கில் பணியமர்த்தின. இயந்திரங்கள் இரைந்த அச்சகங்களிலும் அவர்களுக்கு இடம் இருந்தது. (எஞ்சியிருக்கும் சிறிதளவு செவித்திறனையும் இரைச்சல் பறித்துவிடும் என்பதால், இதைக் காட்டிப் பாதுகாப்பைக் கைவிட எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது.)

இதைவிட வியப்பானது விண்வெளி ஆய்வில் நடந்தது. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் காலடெட் கல்லூரியைச் சேர்ந்த 11 காது கேளாத ஆண்களைத் தேர்ந்தெடுத்தன. அவர்களில் 10 பேர் மூளை உறைக் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர்கள். அதே நோய் உட்செவியின் சமநிலை உறுப்பையும் பாதித்திருந்ததால், எவ்வளவு சுழற்றினாலும் அவர்களுக்குக் குமட்டல் வரவில்லை. சுழலும் அறையில் 12 நாள்கள் தங்கியவர்களும் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே கொந்தளித்த கடலில் சோதனை நடந்தபோது, ஆய்வாளர்கள் வாந்தியெடுத்துப் படுத்துவிட, இவர்கள் சீட்டாடிக் கொண்டிருந்தனர். எடையற்ற நிலையை மனித உடல் எவ்வாறு தாங்கும் என்பதை அறிய நாசாவுக்குக் கை கொடுத்தது இவர்களது 'குறை'தான்.

பிறவியிலேயே காது கேளாதவர்கள், பார்வையின் ஓரத்தில் நிகழும் அசைவுகளைக் கூர்ந்து கவனிப்பதாக 1980-கள் முதல் நடந்துவரும் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும், சாலையில் ஓரப் பார்வை எவ்வளவு முக்கியம் என்று அறிந்த நாடுதான், காது கேளாதவர் வாகனம் ஓட்டினால் ஆபத்து என்று நெடுங்காலம் உரிமம் மறுத்து வந்தது. தேர்வில் தேறினால் உரிமம் தரலாம் என்று 2011-இல் தில்லி உயர் நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் பெங்களூரைச் சேர்ந்த வழக்குரைஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். அதுவும் தலைநகரில் செய்தியாகும் அளவுக்குப் புதுமையாக இருந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, கேட்கும் திறன் குறைந்தோர் சுமார் 50 லட்சம் பேர். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் இவர்களுக்கு ஒரு சதவீத இடத்தை ஒதுக்குகிறது. ஆனால், இடஒதுக்கீட்டை ஒரு கருணையாகவே அதிகாரிகள் பார்க்கின்றனர். இவர்களால் சிறப்பாகச் செய்யக்கூடிய வேலை எது என்று கேட்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் இல்லை.

ஒன்றை மறக்கலாகாது. இந்தப் பலன்கள் தாமாக வந்துவிடுவதில்லை. காலடெட் கல்லூரிக்குப் போனவர்களுக்கு ஒரு மொழி இருந்தது. சைகையில் சிந்திக்கவும் வாதாடவும் கற்றிருந்தனர். ஐந்து வயது வரை எந்த மொழியும் கிடைக்காத குழந்தைக்கு ஓரப் பார்வை கூர்மையாக இருந்து என்ன பயன்? இந்திய சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் தில்லியில் தொடங்கப்பட்டது 2015-இல்தான். அதன் அகராதியில் 2021-க்குள் 10 ஆயிரம் சொற்கள் சேர்ந்துவிட்டன. அந்தச் சொற்களைக் குழந்தைகளிடம் கொண்டு சேர்க்கும் ஆசிரியர்களுக்குத்தான் பஞ்சம்.

மைசூரில் 1965 முதல் இயங்கிவரும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் கொள்ளேகாலிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில்தான் உள்ளது. செவித்திறன் குறைபாடு அங்கே கண்டறியப்பட்டு ஊர் திரும்பும் தறிக்காரர் வீட்டுக் குழந்தைக்கு, தன் வட்டத்திலேயே சைகை தெரிந்த ஓர் ஆசிரியர் கிடைக்க வேண்டும். மத்திய, மாநில அரசுகள் நிதி ஒதுக்க வேண்டிய இடம் இதுதான்.